ஆற்றங்கரை இசைக்குழு கலைந்த பிறகு

மே 4, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் எடை போடும் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி வரிசை கேட்டுக்கு வெளியே வரை. எடை மேடை இரண்டு முறை நின்றுபோனது. ஓட்டுநர்கள் எல்லாருக்கும் என்மேல்தான் கோபம், நான்தான் அதை உடைத்த மாதிரி.

மத்தியானம் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஈஜோக் முச்சந்தியில் பெரிய பேனர். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, சனிக்கிழமை மாலை, ஆற்றங்கரை இசைக்குழுவின் இன்னிசை நிகழ்ச்சி. எங்கள் பழைய புகைப்படம். சிவா மைக்கோடு முன்னால், முழு முகம். நான் கீபோர்டுக்குப் பின்னால், பச்சைப் புடவை, பாதி முகம்.

குழுவே இல்லை. கலைந்து எட்டு மாதம்.

கோவில் தலைவருக்குப் போன் போட்டேன்.

“வருஷா வருஷம் நீங்கதானேம்மா. இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? பூசாரிகிட்ட கேட்டா பேரு போடுறோம்?”

“குழு கலைஞ்சி போச்சு தலைவரே.”

“யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். சிவா சொல்லியிருப்பான் என்று நான் இருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவன் இருந்திருப்பான். பதினாறு வருடமும் எங்கள் குழு இப்படித்தான் ஓடியது.

“ஒரு நாளுதான்லா. சேந்து வாசிச்சிட்டுப் போங்க. சாமி காரியம்.”

சாமி காரியம் என்று சொன்னபிறகு நான் என்ன பேசுவது. புதன்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், கேஸ்.

மே 5, செவ்வாய்

இன்றும் வெயில். ஜோகூருக்குப் போன், குமாரோடு பேச. எங்கள் டிரம்ஸ் குமார், இப்போது அங்கே தொழிற்சாலையில். லீவு இல்லையாம். ஜேம்ஸ் கிட்டாரையே விற்றுவிட்டானாம். ஆக மிச்சம் நானும் சிவாவும்.

குமார் சும்மா போனை வைத்திருக்கலாம்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத வசந்தி. குழு ஒடைஞ்சா ஒருத்தர்தான் மேல வருவாங்க. மத்தவங்க காணாம போயிடுவாங்க. நான் நெறைய பாத்துட்டேன்.”

“மேல வரப்போறது யாராம்?”

“பாடுறவன்தான். கீபோர்டை யாரு பாக்குறா?”

வாய்க்கொழுப்பு. போனை வைத்துவிட்டேன். ஆனால் நாள் முழுக்க அதே நினைப்பு. இரண்டு லோரிக்கு எடைச் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் விலகினேன் என்பதை எழுதி வைக்கிறேன். சாமி காரியம், ஒரு நாள்தான் என்றெல்லாம் சொல்லும்போது எனக்கே மறந்துபோகிறது. ரவாங்கில் கல்யாண விருந்து. கடைசியில் என் சொந்தப் பாட்டு ஒன்று போடலாமா என்று கேட்டேன். சிவா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, “கோழி சாப்பிட வந்தவனுக்கு ஒன் பாட்டு எதுக்குடி?” மண்டபமே சிரித்தது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள். அங்கேயே கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து என்ன கிழித்தேன்? ஐந்து பாட்டு எழுதி, நானே பாடிப் பதிவு செய்திருக்கிறேன். ஐந்தும் உப்புச்சப்பு இல்லை. வரி நன்றாக இருக்கிறது, மெட்டு நன்றாக இருக்கிறது, பாட்டு மட்டும் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறது. காணாமல் போகப்போவது நான்தான் போலிருக்கிறது. பயமாக இருக்கிறது.

மே 6, புதன்

சாயங்காலம் நல்ல மழை. அப்பாடா என்றிருந்தது.

குமார் ஒரு வீடியோ அனுப்பினான், எரிகிற நெருப்பில் எண்ணெய். சிவா தனியாக, கோல சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில். பக்கத்தில் ஒரு தபேலா, அவ்வளவுதான். பழைய கத்தல் இல்லை. வார்த்தை வார்த்தையாகப் பாடுகிறான். நடுவில் நிறுத்துகிறான், அந்த இடத்தில் மூச்சு கேட்கிறது. எருமை மாடு. அருமையாகப் பாடுகிறது.

மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறை வயிறு எரிந்தது. மூன்றாவது முறை வேறு மாதிரி இருந்தது. அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று எட்டு மாதமாக உள்ளுக்குள் உறுத்தல். போடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறான்.

கேட்ட சூட்டில் என் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் வசந்தி, சிவாவுக்குச் சளி புடிச்ச மாதிரி பாடுற?”

தட்டைப் பிடுங்கலாமா என்று பார்த்தேன். அப்புறம் கீபோர்டைப் பார்த்தேன். ஒன்றரைக் கட்டை. அது சிவாவின் சுருதி. பதினாறு வருடமாக அவன் குரலுக்கு வாசித்து வாசித்து, விரல் தானாக அங்கேதான் போய் உட்காருகிறது. ஓர் ஆம்பளைக் குரலுக்கு வைத்த சுருதியில் எட்டு மாதமாக நான் முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்து பாட்டும்! என்னைப் போல ஒரு மடச்சி இந்தப் புக்கிட் செந்தோசாவிலேயே கிடையாது.

ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றினேன். முதல் வரியிலேயே குரல் வந்துவிட்டது. சிரமமே இல்லை. பாதியில் அழுகை வந்து நிறுத்திவிட்டேன்.

“இப்பதான் நீ பாடுற மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

தலைவரிடமிருந்து ஒன்பது மிஸ்ட் கால். எடுக்கவில்லை.

மே 7, வியாழன்

வேலை முடிந்து நேராகக் கம்போங் குவாந்தான். சிவாவுக்கு இன்று அங்கே படகுத்துறை ஆபீசில் ஏர்கோன் ரிப்பேர் வேலை என்று அவன் மனைவி சொன்னாள். ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பேனர் கீழே விழுந்தது.

“பேனர் பாத்தியா?”

“பாத்தேன். ஒன் மூஞ்சி பாதிதான் தெரியுது.”

“எப்பவுமே அப்படித்தானே.”

இறங்கி வந்து குடிக்க இரண்டு தே ஓ ஐஸ் வாங்கினான். எனக்கு ஒரே பயம், மறுபடி சேர்ந்துவிடலாம் என்று சொல்லிவிடுவானோ என்று. சொன்னால் மறுக்க முடியாது. ஒரு நாள் இரண்டு நாளாகும், அப்புறம் கல்யாண விருந்து, அப்புறம் மறுபடி கோழி.

“ரவாங்ல நான் சொன்னது தப்பு. மேடையில வச்சி சொல்லிருக்கக் கூடாது.”

“மேடைக்குக் கீழ வச்சும் சொல்லிருக்கக் கூடாது.”

“ஆமாலா. சரி.”

அவ்வளவுதான் மன்னிப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு பேசி முடிவு செய்தோம். முதல் அரை மணி நேரம் அவன், அவன் தபேலாக்காரரோடு. அடுத்த அரை மணி நேரம் நான். என் பாட்டு.

“பயப்படாம பாடு. கோவில்ல கோழி கெடையாது, சைவம்தான்,” என்றான். அடித்தேன்.

தலைவரிடம் சொன்னதற்கு, “எப்பிடியோ பண்ணுங்க. பேனர் போட்டாச்சு, எனக்கு மானம் போவக் கூடாது.”

மே 8, வெள்ளி

எடுத்துப் போக: எக்ஸ்டென்ஷன் வயர், ஸ்டாண்ட், பாட்டு நோட்டு, வெந்நீர், இஞ்சி. புடவை மஞ்சள். பச்சை வேண்டவே வேண்டாம்.

பாடிக்கொண்டே எடை போட்டேன். ஒரு லோரிக்காரர்: “என்னாக்கா, லொட்டரி அடிச்சிருச்சா?”

தொண்டை கட்டினால் செத்தேன்.

மே 10, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை, கை அப்படி வலி. தூறல், நல்லவேளை பந்தல் ஒழுகவில்லை.

சிவா பாடினான். வீடியோவில் பார்த்ததைவிட நன்றாக. நான் ஓரமாக நின்று கேட்டேன். பதினாறு வருடத்தில் அவன் பாடுவதை முன்னால் நின்று கேட்டதே இல்லை, முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நான். முதல் பாட்டில் பாதிப் பேர் பேச்சு. இரண்டாவதில் பேச்சு குறைந்தது. நான்காவது முடிந்ததும் முன் வரிசையில் ஓர் அம்மா, யாரென்று தெரியாது, “இது யாரு பாட்டு?” என்று சத்தமாகவே கேட்டார்.

“நான் எழுதுனதும்மா.”

“அப்ப இன்னொருக்கா பாடு.”

பாடினேன். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அப்பட்டமாக எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். தலைவர் மைக்கைப் பிடித்து, “இப்ப நம்ம ஆற்றங்கரை, ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு!” ஒரே விசில். தப்பிக்க வழியில்லை. பழைய ஆட்டப் பாட்டு ஒன்றை எடுத்தோம்.

படுமோசம். அவன் கத்த ஆரம்பித்துவிட்டான். நான் இடுக்கு விடாமல் வாசித்து நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். அவன் மூச்சு போன இடம் தெரியவில்லை, என் மெட்டும் போன இடம் தெரியவில்லை. சேர்ந்தால்தான் இரண்டு பேருமே காணாமல் போகிறோம். இரண்டாவது சரணத்தில் சிவா திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜனங்களோ எழுந்து நின்று ஆட்டம். தலைவர், “இதாம்மா பாட்டு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சிவா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தான்.

“வசந்தி, மறைக்காம சொல்லு. நாம திரும்ப சேர வேணாம்ல?”

“வேணாம்.”

“சத்தியமா?”

“மாரியாத்தா சத்தியமா.”

“அப்பாடா!” என்று அப்படியே நாற்காலியில் சாய்ந்தான். “நீ கேட்டுருவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்டி.”

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. வீட்டுக்காரருடைய முதுகுவலி, அவன் மகளுக்கு வந்த வரன், அவன் புது வேனில் ஏர்கோனே வேலை செய்யாதது, எல்லாம் பேசினோம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவை.