தெற்குக் கொம்பு

12 மே 2003

கயிறு பிடிக்கும் வேலை. திராட்சைத் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனதால் நானும் கம்பம்மெட்டு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிட்டேன். மழை தொடங்குமுன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஏலச்செடி இருட்டில் அழுகிவிடும். மரமேறும் ஆண்களுக்குத் தலைவன் கர்ணன், என்னைவிடச் சின்னவன். வெட்டிய கொம்பு செடிமேல் விழாமல் கயிற்றில் இறக்குவது என் பாடு.

திராட்சைப் பந்தல் கைக்கு எட்டும். இங்கே அண்ணாந்து பார்த்தே கழுத்து போய்விட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"மேல ஏறவும் கத்துக்குடுப்பியா தம்பி?"

"மொதல்ல கயித்த விடாமப் புடிங்க, பிலோமினாக்கா."

15 மே

கர்ணன் கொம்பை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுக்கிறான். பிறகுதான் மேலிருந்து வெட்டுகிறான். ஏன்? அடியில் அறுக்காவிட்டால், கொம்பு ஒடியும்போது மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு வருமாம். சரி, புரிந்தது. கொம்பு புறப்படும் இடத்தில் வீங்கினாற்போல ஒரு வளையம் இருக்கிறது, அதைத் தொடக்கூடாதாம். அது ஏன்?

"தெரியலக்கா. அதத் தொட்டா காயம் ஆறாது, அம்புட்டுத்தான்."

தெரியாததைத் தெரியாது என்கிறான். பிடித்திருக்கிறது.

கையெல்லாம் பலாப்பால். எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

21 மே

இன்று கீழ்க்காடு. சரிவின் அடியில், ரோட்டோரமாகப் பலா வரிசை, தோட்டத்தின் தெற்கு எல்லை அதுதான். ரோட்டுப் பக்கக் கொம்புகளை மொட்டையடிக்கச் சொன்னான் கர்ணன். "இதுக ரோட்டுக்குத்தான் நெழலு குடுக்குது. செடிக்கு என்ன பிரயோசனம்?" மத்தியானம் நானும் பார்த்தேன். நிழல் ரோட்டுப் பக்கம்தான் கிடந்தது.

முதலாளி கஸ்தூரியம்மாள் போடியிலிருந்து வந்திருந்தார். கோபமில்லாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "வருசா வருசம் தையில இந்தக் கீழ்க்காடு மட்டும் கருகுது கர்ணா. எருவ மாத்திட்டேன், செடிய மாத்திட்டேன். இனி மாத்துறதுக்கு நீதான் பாக்கி. இன்னொரு தை பாப்பேன்."

அவர் போனதும் கர்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அம்மா இப்பிடிச் சொல்லிட்டாகளே! மழ இல்லாட்டி கருகத்தானக்கா செய்யும்?"

ஆனால் மேல்காட்டுக்கும் அதே மழைதானே? அதே தண்ணீர், அதே எரு. அது ஏன் கருகவில்லை? இவனுக்கு இந்தத் தோட்டம் போனால் என் கயிறும் போகும். மரமேறக் கற்றுத்தர வேறு எவன் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளப் போகிறான்?

2 ஜூன்

ஏறிவிட்டேன்! சின்னப் பலாதான். அண்ணனின் பழைய பேண்ட், அதன்மேல் சட்டை. கீழே நின்ற ஆண்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழுந்திருந்தால் ஒருவனும் பார்த்திருக்க மாட்டான். மேலே காற்று வேறு மாதிரி இருக்கிறது.

வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்தால் விஷயம் பங்குச் சாமியார் வரை போகும்.

18 ஜூன்

மழை. கவாத்து முடிந்து ஆண்கள் எல்லாரும் வயல் வேலைக்குக் கீழே போய்விட்டார்கள். இனி அடுத்த கோடையில்தான் மலைக்கு வருவார்கள். நான் காய் எடுக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டேன்.

9 ஜனவரி 2004

ஏலக்காய், செடியின் அடித்தூரில் காய்ப்பது. அதனால் நாள் முழுக்கக் குனிந்த தலைதான். இன்று கீழ்க்காடு. தை பிறக்கும் முன்பே இலைகள் வெளுத்து, ஓரமெல்லாம் கருகிக் கிடக்கின்றன. கர்ணன் கதை முடிந்ததா?

உச்சி நேரம். முதுகு தாங்கவில்லை என்று நிமிர்ந்தேன். என் நிழல் மேட்டுப் பக்கம், வடக்கே விழுந்திருந்தது. மே மாதம் ரோட்டுப் பக்கம் அல்லவா விழுந்தது? எப்படி மாறியது?

"என்னடி மேல பாத்துக்கிட்டு நிக்கிற? காயி என்ன வானத்துலயா காய்க்குது?" பக்கத்து நிரையில் காய் எடுத்துக்கொண்டிருந்த மலையம்மாள்.

11 ஜனவரி, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. மாதா கோயிலின் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து பெஞ்சுவரை கிடந்தது. சித்திரையில் இந்த ஜன்னலை வெயில் எட்டிக்கூடப் பார்க்காதே!

அப்படியானால் மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அப்போது செடிக்குக் குடை, ரோட்டுப் பக்கக் கொம்புதான். அதைத்தான் நாங்கள் ஒவ்வொரு கோடையிலும் மொட்டையடிக்கிறோம். மரமேறுகிறவர்கள் தையில் மலைக்கு வருவதில்லை. தையில் வருகிறவர்கள் தலை நிமிர்வதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

13 ஜனவரி

கர்ணன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "எங்கய்யா காலத்துலருந்து இப்பிடித்தான் வெட்டுறோம். நேத்து வந்துட்டு வெயிலுக்கே வழி சொல்றீகளா?"

வந்து பார் என்றேன். வேலை கிடக்கிறதாம். அட போடா! நல்லது சொல்ல வந்தவளை இப்பிடியா பேசுவ? வர்ற வழியெல்லாம் எரிச்சல். ஒருவேளை நான் சொன்னது தப்பாக இருந்தால்?

19 ஜனவரி

பொங்கல் கழிந்து, கூப்பிடாமலே வந்தான். உச்சி வெயிலில் செடிகளின் நடுவே நின்று, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மொட்டைப் பலாக்களைப் பார்த்தான். வெயில் அவன் முகத்தில் நேராக அடித்தது.

"நான் தையில இங்கன வந்ததே இல்லக்கா."

அவனே போடிக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டான், தான் வெட்டினதால்தான் கருகியது என்று. கொம்பு தழைக்க ரெண்டு வருடம் தருவதாகச் சொன்னாராம். அதற்குமேல் ஒரு நாளும் இல்லையாம்.

24 மே

கீழ்க்காட்டுப் பலாக்கள் முழுக்க என் பொறுப்பு என்று கர்ணன் எல்லார் முன்னாலும் சொன்னான். வெட்டிய இடங்களில் தளிர் கற்றை கற்றையாக வந்திருந்தது. வலுவானதை விட்டு மற்றதைக் கழித்தேன். அதற்குத் திராட்சைப் பழக்கம் உதவியது. மழைக்கால வெளிச்சத்துக்காக வடக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். கயிறு பிடித்தது கர்ணன்.

"ரோட்டுக்குப் பந்தல் போடுறா" என்று கீழே ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

20 ஜனவரி 2005

கீழ்க்காட்டில் பாதி கருகிவிட்டது. பாதி தப்பியது. இதற்கு அழுவதா, சிரிப்பதா?

11 ஜனவரி 2006

காய் எடுக்க ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். கீழ்க்காட்டில் இலையெல்லாம் கரும்பச்சை. வெயில் ஏறின பிறகும் பனி ஈரம் காயவில்லை. மலையம்மாள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

"குளுரு கொல்லுதுடி. ரோட்டுப் பக்கக் கொம்ப வெட்டாம விட்டுட்டுப் போன படுபாவி எவன்டி?"

"நான்தான்க்கா" என்றேன்.

அவள் காயை விட்டுவிட்டு, நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.