பெஞ்சின் மறுமுனையில் ரேவதி

என் பரிமளா அக்காவுக்கு,

போன வாரம் உன்னை ராஜவீதியில் பார்த்தேன். பட்டுக்கடையின் மாடியிலிருந்து தொங்குகிறாய், பேனரில். உன் ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நீ கட்டியிருந்த நூல் புடவையைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு அரக்குப் பட்டு உடுத்திவிட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அந்தக் கடையில் ஒரு ரவிக்கைத் துண்டுகூட வாங்காதவள் நீ.

படத்துக்குக் கீழே, ‘பரிமளா டீச்சர் நினைவு ஆங்கிலப் பயிற்சிக் கூடம், திறப்பு விழா, இம்மாதக் கடைசி ஞாயிறு’ என்று எழுதியிருக்கிறது.

முதலாளியே போன் செய்தார். “சார், டீச்சர் போயி வருஷம் ஆவுது. எங்க கடைப் பிள்ளைங்க கஸ்டமர்கிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுறாங்கன்னா அது அவங்க புண்ணியம். நீங்க வந்து மேடையில பேசணும். உங்க பத்திரிகையிலயும் ரெண்டு பத்தி போட்டுடுங்க.” நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கூடத்தைப் போய்ப் பார்த்தேன். ஏ.சி. இருக்குது, அக்கா. ஒவ்வொரு நாற்காலிக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. ஆளுக்கொரு திரை, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. அதில் ஒரு குரல் முழு வாக்கியத்தையும் சொல்கிறது. கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாது. உன் பெயரை வைத்து, நீ எதைச் செய்யவே கூடாது என்றாயோ அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டு மாடியில், கடைகள் திறக்கும் முன்பு உன் வகுப்பு நடக்கும். பாதிப் பேர் ராஜவீதிக் கடைகளில் புடவை எடுத்துக் காட்டுபவர்கள். நீள பெஞ்சு ஒன்று. அதன் இரு முனைகளில் இரண்டு பேர். ஒரு முனை ஓர் ஆங்கிலப் பண்புச்சொல்லைச் சொல்லும். மறுமுனை அதோடு சேரும் ‘ஆஃப்’, ‘அட்’ மாதிரியான சின்னச் சொல்லையும் மீதியையும் சொல்லி முடிக்க வேண்டும், யோசிக்காமல், உடனே. அப்பா தறியில் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்ய, வலப்பக்கம் நின்று அம்மா கரைக்கான நூலோடு நாடாக் கட்டையைத் தள்ளுவாளே, அதைப் பார்த்து நீ பிடித்த வழி. அம்மா தாமதித்தால் தறி நிற்கும். மறுமுனை தாமதித்தால் நீ முறைப்பாய்.

“அஃப்ரெய்ட்!”

“ஆஃப் மை மாமியார்!”

“குட்!”

“அட் குக்கிங்!”

“யாரு, நீயா? உங்கூட்டு ரசத்தை நாங்க குடிச்சிருக்கோம்மா, போதும்” என்று நடுவிலிருந்து ஒரு குரல் வரும்.

பயத்துக்கு ஏன் ‘ஆஃப்’, திறமைக்கு ஏன் ‘அட்’ என்று யாராவது கேட்டால், “நம்ம பேச்சுல மட்டும் நாய்க்குப் பயம், அப்பாகிட்ட பயம்னு ரெண்டு தினுசா வரலையா? அதுக்கு யாரைக் காரணம் கேட்டே? சேர்த்துப் பழகு, அவ்ளோதான்” என்பாய். விதியை மனப்பாடம் செய்தவன் யோசித்துக்கொண்டு நிற்பான், பழகியவன் பேசிவிடுவான் என்பது உன் கட்சி. மறுமுனையில் உன் நட்சத்திரம் ரேவதி, இதே பட்டுக்கடையில் வேலை பார்த்தவள். உன் கொடியில் காய்ந்த புடவையை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் கெடுத்தது.

நடந்ததை நான் ரேவதியிடம் மட்டும் கேட்டு எழுதவில்லை. அன்று கடையில் இருந்த இன்னொருவரிடமும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. கொல்கத்தாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் கையில் ஒரு புடவையை வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைத்தறிப் புடவையைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கையில் இருந்தது விசைத்தறி. பதில் சொன்னவன் முதலாளியின் மகன். உன் வகுப்புக்குச் சில நாள் வந்து நின்றுபோனவன். “சிமிலர், மேடம்… சிமிலர்…” என்று இழுத்தான். மெத்தை விரிப்பின் மறுகோடியில் புடவை மடித்துக்கொண்டிருந்த ரேவதி, தலையைத் தூக்காமல், “டு ஹேண்ட்லூம், மேடம்” என்றாள்.

கைத்தறி மாதிரி; அப்படியென்றால் கைத்தறி இல்லை. அந்த அம்மாள் புடவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

“எதிர்க்கடைக்காரன் எவ்ளோ கமிஷன் குடுத்தான்?” என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். “சார், வாய் தானா சொல்லிடுச்சு சார்” என்று அவள் அழுததை யார் கேட்டார்கள்? வேலை அன்றே போனது. கமிஷன் வாங்கியவள் என்ற பேச்சு வீதி முழுவதும் போனது. அவள் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் அவளுக்கு இடமில்லை. பொய் சொல்லி விற்கப் பார்த்தவன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.

முட்டி வலியோடு நீ அந்தக் கடைப் படிகளில் ஏறினாய். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அது என் வகுப்புப் பழக்கம் என்று விளக்கினாய். முதலாளி சிரித்துக்கொண்டே, “டீச்சர், நீங்க கத்துக் குடுத்தீங்களா, காட்டிக் குடுக்கக் கத்துக் குடுத்தீங்களா?” என்றாராம். வீட்டுக்கு வந்து, “நான் என்னடா சொல்லியிருக்கணும், தம்பி?” என்றாய். இத்தனை வருஷம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். உன் கேள்விக்குப் பிறகும் அந்த முதலாளியிடம் போய் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் கடைப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. மற்ற கடைக்காரர்களும் நிறுத்தினார்கள். ஆனாலும் நீ காலையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு ஒரு முனையில் உட்கார்ந்துகொள்வாய். ஒருநாள் என்னைப் பார்த்து “ஃபெட் அப்” என்றாய்.

“வித்… யாரோட அக்கா?”

“நீ லேட்டுடா” என்றாய்.

மழைக்காலம் முடியும் முன்பு போய்விட்டாய். இருதயம் என்றார் டாக்டர். மருத்துவச் சான்றிதழில் அதை மட்டும்தான் எழுத முடியும்.

ரேவதி இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். விடிவதற்குள் வேன் வந்து அழைத்துப் போகிறது. “அங்க பேச்சே கிடையாது சார். மிஷின் சத்தத்துல எந்த பாஷை பேசினா என்ன?” என்கிறாள். உன் பேனரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். மாடிக்குப் போய், பெஞ்சின் மறுமுனையில், அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

“முதலாளியிடம் உனக்கு வேலை கேட்கட்டுமா?” என்று அவளைக் கேட்டேன்.

“வேலை வேணாம் சார். வாங்காத காசை வாங்கினவள்னு சொல்லிக்கினு இருக்காங்களே, அது போவணும். டீச்சர் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க. அவங்களையும் பேனர்ல கட்டித் தொங்க வுட்டுட்டாங்க.”

அதனால்தான் அக்கா, மேடைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அவர் கேட்ட இரண்டு பத்திக்குப் பதில் இந்தக் கடிதம் விழாவுக்கு முன்பே அச்சாகிறது.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி என்னோடு வருகிறாள். அவளைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். சுவரோரமாக, கடைச் சீருடையில், உன்னிடம் படித்த அத்தனை பேரும் நிற்பார்கள். நான் உன்னைப் புகழ மாட்டேன். மைக்கைப் பிடித்து “சிமிலர்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவேன். எத்தனை வாய் தானாகத் திறக்கிறது என்று முதலாளி தன் காதால் கேட்கட்டும். அவர்கள் எல்லோரும் எந்தக் கடையில் கமிஷன் வாங்கினார்கள் என்று பிறகு நான் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அவர் உத்தரவு போடலாம். போடட்டும். அப்போதும் நான் சொல்வேன். அந்தக் கூடம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும், கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் சொல்லி முடிப்பாள். மற்றவர்கள் எதற்காகப் பொத்திக்கொண்டார்கள் என்று வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த முறை லேட்டாக மாட்டேன், அக்கா.

உன் முறைப்புக்கு இன்னும் பயப்படும்
உன் தம்பி