வெறுமனே ஓடிய லேத்

என் சண்டைக்காரத் தம்பி சொக்குவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நான் உன்னோடு பேச்சை விட்டு எட்டு மாதமும் ஒரு காலைப்பொழுதும் ஆகிறது. அந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ காது கொடுக்க மாட்டாய்.

உன் மகள் உமையாளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தாயிற்று. நீ பேசி முடித்த அதே நாட்டரசன்கோட்டை மாப்பிள்ளைதான். வருஷம் திரும்புவதற்குள் நடத்திவிட வேண்டும் என்று பங்காளிகள் சொன்னார்கள், சரி என்றோம். தெய்வானை இளைத்துவிட்டாள். என் தம்பி பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் கைக் காபிக்கு ஈடு கிடையாது. இப்போது அதில் சர்க்கரை போட மறந்துவிடுகிறாள். கேட்டால், உங்களுக்குச் சுகர் இருக்கே ஆச்சி என்று சமாளிக்கிறாள்.

இந்த ஆச்சி என்ற சொல்லால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். நம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம் என்பது வெளியூர்க்காரர்களுக்கு எங்கே தெரிகிறது? நாம் செய்யும் மரப் பேனா வாங்க வந்த சென்னைக்காரர் ஒருவர் என்னை உன் பாட்டி என்று நினைத்துக் காலில் விழப் போனார். உனக்கும் எனக்கும் நாலு வயதுதான் வித்தியாசம் என்று சொல்லாமல் நீ ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அதற்கு நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

பேச்சை விடுவது எனக்கு நன்றாக வரும். உனக்கு அதைச் சேர்க்கத் தெரியும். நீ அச்சுப் பிரஸ்ஸை மூடிவிட்டு மரம் கடைகிற லேத் வாங்கியபோது, நானும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தேன். மரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து, நடுநடுவே பித்தளைத் தகடு வைத்து, ஒரு கட்டையாக ஒட்டித் தருவது என் வேலை. அதில் துளை போட்டுக் குழாய் செருகி, லேத்தில் மாட்டிப் பேனாவாகக் கடைவது உன் வேலை. தூசி எனக்கு ஆகாது என்பதால் நடுவில் சுவர். அந்தச் சுவர் வழியாகவே உன் வேலை எனக்குக் கேட்கும். உளி தேக்கில் போனால் ஒரு சத்தம், கருங்காலியில் போனால் கீச்சென்று ஒரு சத்தம், தகட்டைத் தாண்டும்போது ஒரு டிக். எந்தத் துண்டில் நிற்கிறாய் என்று அறுத்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.

நான் கோபமாக இருந்தால் நீ சமாதானம் பேச வரமாட்டாய். உளியைக் கீழே வைத்துவிட்டு லேத்தை வெறுமனே ஓடவிடுவாய். ஊய் என்று அது பாட்டுக்கு ஓடும். கொஞ்ச நேரம் பொறுப்பேன். அப்புறம் தாங்காது. "அடேய், மோட்டார் கருகிரும்டா, நிப்பாட்டுடா!" என்று கத்துவேன். "அப்பாடா, ஆச்சி பேசிட்டாக!" என்று சுவருக்கு அங்குட்டு இருந்து உன் சிரிப்பு வரும். அதோடு சண்டை முடிந்தது. எத்தனை வருஷமாக இப்படி!

அன்றைக்குச் சண்டை உமையாள் பேனாவால் வந்தது. கல்யாணத்தில் இரண்டு வீட்டுச் சம்மதத்தையும் எழுதி வைக்கும் இசைகுடிமானத்தை அந்தப் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். நம் வீட்டு உடைந்த ஜன்னலில் இருந்து தேக்கு எடுத்தாய். மாப்பிள்ளை வீட்டில் கேட்டு, பழைய பெட்டியின் கால் ஒன்றை வாங்கி வந்தாய். அது நல்ல ஈட்டி மரம். இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டச் சொன்னாய். ஒட்டிக் கொடுத்தேன். நீ லேத்தில் மாட்டி, மேல்முனை மட்டும் கடைந்துவிட்டு நிறுத்தினாய்.

"ஆச்சி, மூணாவது துண்டை ரேகை குறுக்கா வர ஒட்டியிருக்கீக. மாப்பிள்ளை வீட்டு மரம் திரும்பி நிக்குது. உளி பட்டாத் தெறிக்கும்."

காபி கொண்டுவந்த தெய்வானை சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் முன்னால் என் வேலையைக் குறை சொல்லிவிட்டாயே என்று ரோஷம். "தெறிச்சாத் தெறிக்கட்டும். இனிமே நீயே ஒட்டிக்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் போய்க் கருங்காலியை அறுக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் லேத் ஓடியது. வெறுமனே ஓடியது.

எனக்குத் தெரிந்தது, சொக்கு. உளி படாத ஓட்டம் என்று நன்றாகத் தெரிந்தது. சமாதானத்துக்குக் கூப்பிடுகிறான், இன்றைக்கு நான் மசியப் போவதில்லை என்று நினைத்தேன். ஒரு துண்டு அறுத்துத் தேய்த்தேன். இன்னும் ஓடியது. ஓடட்டும், அவனே வந்து நிற்கட்டும் என்று அடுத்த துண்டை எடுத்தேன். ஒன்பது துண்டு, சொக்கு. பத்தாவதை எடுக்கும்போதுதான் கருகிய வாடை வந்தது. அப்போதும் திட்டிக்கொண்டேதான் எழுந்து வந்தேன்.

நீ ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாய். உளியை ஒழுங்காக அதன் இடத்தில் வைத்திருந்தாய். ஸ்விட்சு உன் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"இதெல்லாம் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்மா. நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். அவர் நல்ல மனுஷர். ஆனால் அந்த ஒரு நிமிஷம் என் ஒன்பது துண்டில் எந்தத் துண்டில் இருந்தது? அதை அவரிடம் எப்படிக் கேட்பது? நீ எப்போதும்போல என்னைச் சீண்ட லேத்தை ஓடவிட்டாயா? நெஞ்சு வலித்து, குரல் எழும்பாமல், ஆச்சிக்குத் தெரிந்த பாஷை இது ஒன்றுதானே என்று ஓடவிட்டாயா? நிறுத்தக் கை நீட்டியும் எட்டாமல் போனதா? எனக்கு இது தெரிய வேண்டும். சொல்ல ஆள் இல்லை.

அந்த ஒன்பது துண்டும் பிஸ்கட் டின் ஒன்றில் இருக்கின்றன. எந்தப் பேனாவிலும் அவற்றை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. லேத்தின் மேல் போர்வையைப் போட்டு மூடினேன். மோட்டாரை மாற்றிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் ஓட்டிக் காட்டியபோது நான் தெருவில் போய் நின்றுகொண்டேன். மற்றவர்களிடம் சத்தமே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதமும் அந்தப் பொய்யோடுதான் தெய்வானை கையால் சாப்பிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் உமையாள் வந்து நின்றாள். "அயித்தை, அப்பச்சி எனக்குன்னு போட்ட பேனா என்னாச்சு? நீங்க முடிச்சுத் தருவீகளா?" அப்பனைப் போலவே கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

போர்வையை எடுத்தேன். நீ மாட்டிய கட்டை மாட்டியபடியே இருந்தது. தெய்வானை பின்னால் வந்து நின்றாள். ஸ்விட்சில் விரலை வைத்தேன், அழுத்த முடியவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டது, தெரிந்தது, வீம்புக்கு உட்கார்ந்திருந்தது, ஒன்பது துண்டு, எல்லாம். அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவள் லேத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நானும் கேட்டேன் ஆச்சி. அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். இந்தா, இப்பக் கத்துவாக, அவுக சிரிப்பாகன்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். நீங்க கத்தவே இல்ல. இன்னைக்கு ஆச்சிக்குக் கோவம் கூடன்னு நெனச்சு எனக்குச் சிரிப்பு வேற."

அவளும் இதை எட்டு மாதமாக ஒரு ஆளிடமும் சொல்லவில்லையாம். ஒரே வீட்டில், ஒரே சத்தத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். சொன்னதால் பாரம் குறைந்தது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். எனக்கு ஒன்பது துண்டு, அவளுக்கு ஒரு சிரிப்பு. யாருடையது கனம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள்தான் ஸ்விட்சைப் போட்டாள்.

உன் கட்டையைக் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வேப்பங்கட்டையில் பத்து நாள் பழகினேன். ஏழு கட்டையை நாசமாக்கினேன். நீ பார்த்திருந்தால் வாய் வலிக்கச் சிரித்திருப்பாய். பிறகு உன் கட்டையை மாட்டினேன். முதல் துண்டு, ஈட்டி, ஒழுங்காகப் போனது. இரண்டாவது, தேக்கு, வெண்ணெயாகப் போனது. மூன்றாவதில் உளி பட்டதும் ஒரு சில்லு பெயர்ந்து என் கண்ணாடியில் வந்து அடித்தது.

"சரிடா, நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். வாய்விட்டே சொன்னேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அங்குட்டு ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். தெய்வானை என்னைத் தடுக்கவில்லை.

பெயர்ந்த இடத்தில் அதே ஈட்டித் தூளைப் பசையோடு குழைத்து அடைத்துத் தேய்த்திருக்கிறேன். பார்த்தால் தெரியாது. பிடித்து எழுதினால் பெருவிரல் சரியாக அங்கேதான் போய் உட்காருகிறது, லேசாக இடறும். உமையாள் காலண்டர் தாளின் பின்பக்கம் உ போட்டுப் பார்த்தாள். இந்த இடத்துல என்னமோ தட்டுதே அயித்தை என்றாள். அது உன் அயித்தையின் ரோஷம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, கல்யாணம் முடியட்டும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. காலை பதினோரு மணிவாக்கில் அந்த ஓட்டம் எனக்குக் கேட்கிறது. வாசலில் காய்காரர் வந்து நிற்கும்போதும் கேட்கிறது. நேற்று ஊர் முழுக்கக் கரண்டு இல்லை, நேற்றும் கேட்டது. லேத்தின் மேல் போர்வை கிடக்கிறது, பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், ஊய் என்று ஓடுகிறது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நின்று, "நிப்பாட்டுடா, மோட்டார் கருகிரும்டா!" என்று கத்தினேன். உடனே நின்றுவிட்டது. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது. யாரை அதட்டுறீக என்று தெய்வானை கேட்கவில்லை.

இனிமேல் எப்போது கேட்டாலும் அந்த நொடியே வருவேன், சொக்கு. எவ்வளவு கோபம் இருந்தாலும், பாதித் துண்டில் ரம்பம் நின்றாலும், நீயா என் காதா என்று யோசிக்காமல் வந்து கத்துவேன். முதல் துண்டிலேயே வருவேன். நீ சிரிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இனி உன்னோடு பேச்சை விடாத,
உன் ஆச்சி
விசாலம்