ஏரிக்கரை ஹோட்டலில் இரண்டு கட்டில்

1997 மே 11, ஞாயிறு

இன்று அவருக்கு லீவு. விடிந்ததில் இருந்து மத்தியானம் வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த கதை இவ்வளவுதான்.

"தேத்தண்ணி போடவோ?"

"உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டிப் போடுங்கோ."

கரைச்சல் இல்லாட்டியாம்! வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரியோடு கதைக்கிற மாதிரி. கட்டின மனிசியை ஊரில் எவன் 'நீங்கள்' என்கிறான்? 86ஆம் ஆண்டு கலியாணம் முடிந்து ஒன்றாக இருந்த இரண்டு மாதமும் 'நீர்', 'உமக்கு' என்றுதான் கதைத்தவர். பிறகு கனடாவுக்கு வெளிக்கிட்டார். பத்தரை வருஷம். போன நவம்பரில் ஸ்பொன்சரில் வந்து பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினால், பூங்கொத்தோடு ஒரு வழுக்கைத் தலை நின்று, "பயணம் சுகமோ? களைச்சுப் போனீங்களோ?" என்று கேட்டது. அன்றைக்குத் தொடங்கிய 'நீங்கள்' இன்னும் முடியவில்லை.

நல்ல மனுசன். குடி இல்லை, சிகரெட் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அதுதான் பிரச்சினையே. சண்டை பிடிக்கவாவது ஏதாவது வேண்டாமா?

ஜூன் 6, வெள்ளி

டொக்டரிடம் போனேன். முன்மேசைப் பிள்ளை, "கணவர் பெயர்?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல ஹெல்த் கார்ட்டைத் தேடி எடுத்து, என் பெயருக்குப் பின்னால் இருக்கிற அவருடைய பெயரை விரலால் காட்டினேன். கூட வந்த எமில்டா வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். என்னோடு பக்டரியில் பெட்டி ஒட்டுகிறவள். மன்னார்க்காரி. வாய் மூடாது.

"எடியே ஜெயமலர், பேர் சொன்னால் நாக்கு அவிஞ்சு போமோ? நான் என்ரையாளை 'டேய் கஸ்பர்' எண்டுதான் கூப்பிடுறனான்."

"உனக்கு அது சரி. எனக்கு வராது."

வராதுதான். அப்பாவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. மாமியும் அப்படித்தான். 'இஞ்சாருங்கோ' என்று ஒரு சொல் இருக்கும்போது பெயர் எதற்கு?

ஜூன் 28, சனி

அவருடைய வேலையிடத்துப் பிக்னிக். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய கிச்சன் அது. இவருக்கு அங்கே இரவு வேலை. இவர் வீட்டுக்கு வர நான் பக்டரிக்குப் போக, நாங்கள் வாடகைக்கு இருக்கிற வெக்ஸ்போர்ட் பேஸ்மென்ற் வாசலில் ஆளுக்காள் வழிவிட்டுக்கொள்வோம்.

அங்கே எல்லோரும் இவரை 'சாம்' என்கிறார்கள். யார் அந்தச் சாம் என்று முதலில் நானும் திரும்பிப் பார்த்தேன். சிநேகிதர்களுக்கு 'நாதன் அண்ணை'. வீட்டில் நான், 'இஞ்சாருங்கோ'.

குலுக்கலில் சாமுக்குப் பரிசு விழுந்தது! வடக்கே மலைக்கு நடுவில் ஒரு ஏரி, அதன் கரையில் கசினோ வைத்த பெரிய ஹோட்டல். இரண்டு பேர், இரண்டு இரவு. எல்லோரும் கைதட்டினார்கள். இவர் பரீட்சையில் பெயிலானவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"நீங்கள் விரும்பினால் போவம்."

"நீங்கள் விரும்பினால்தான் நானும்," என்றேன். எரிச்சலில்தான்.

ஜூலை 19, சனி

மொன்றியலில் இருந்து அக்காவின் கடிதம். "எட்டு மாதம் பார்த்தாய், இனிப் போதும், காணும். அவருக்கு உன்னில் பட்சம் இல்லாட்டி என்ன செய்யிறது? இஞ்ச அறை இருக்கு, வேலையும் எடுத்துத் தரலாம். வா."

அக்காவுக்கு நான் ஒரு விஷயம் எழுதவில்லை. எழுதினால் அழுகை வரும் என்று எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். இவர் இல்லாத பத்து வருஷமும் இவருடைய அம்மாவோடு இருந்தவள் நான். 95இல் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்ட அன்று மாமியைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனவள் நான். மாமி கிளிநொச்சியில் கண்ணை மூடினபோது பக்கத்தில் இருந்தவளும் நான்தான். இவர் இதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு கேள்வி! அம்மா எப்பிடிச் செத்தவ எண்டு கேக்கமாட்டீரோ? உமக்கென்ன கல்லோ மனம்? நான் என்ன ஒரு வேலைக்காரியோ, வேலை முடிஞ்சுது எண்டு கணக்கில வைக்கிறதுக்கு?

சரி. காணும்.

ஆகஸ்ட் 2, சனி

மொன்றியல் பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 29, வெள்ளி. போகிற பயணம் மட்டும். இந்தக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. அதற்கு முதல் வாரம் அந்த ஏரி. அங்கேயும் இப்படியே இருந்தால் போய்விடுவேன். கோபத்தோடு இல்லை, சொல்லிவிட்டுத்தான் போவேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புட்டு, சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல் கட்டியாயிற்று. "அங்க சாப்பாடு குடுப்பினம்," என்றார். "குடுக்கட்டும்," என்றேன். ஒரு புதுச் சேலையும் வைத்தேன். எதற்கு வைத்தேன்?

ஆகஸ்ட் 22, வெள்ளி — ஹோட்டல்

மூன்று மணித்தியாலம் கார். அவருடைய பழைய கரோலா மலை ஏற மாட்டேன் என்று உறுமியது. எமில்டா இதெல்லாம் ஒரு மலையோ என்பாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு வீதி கொஞ்சம் நிமிர்ந்தாலே மலைதான். திரும்பின இடத்தில் சட்டென்று ஏரி. அவ்வளவு நீலத்தை நான் கண்டதில்லை. "ஐயோ, பாருங்கோவன்!" என்று கத்திவிட்டேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கிப் பார்த்தோம். அந்த ஐந்து நிமிஷமும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பிறகு அறைக்கு வந்தோம். கதவைத் திறந்தால் இரண்டு கட்டில்.

நடுவில் ஒரு சின்ன மேசை, அதில் ஒரு விளக்கு. ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி. கீழே கவுண்டரில் அந்தப் பெண் ஏதோ கேட்க, இவர் டக்கென்று 'ரூ' என்றது என் காதில் விழுந்ததுதான். இரண்டு சாவி என்று நினைத்தேன். கட்டிலா?

"உங்களுக்கு யன்னல் பக்கம் பிடிக்குமே?" என்று கேட்டார்.

"எனக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான்."

சேலை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி, காலை

ஏரியை வெள்ளையாகப் புகார் மூடியிருந்தது. அவர் எனக்கு முதல் எழும்பி, கட்டிலைச் சுருக்கம் இல்லாமல் விரித்துவிட்டு, கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண் திறக்க, தலையைத் திருப்பிக்கொண்டார். இதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு விளங்கவில்லை. ரிக்கற் பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் புட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கசினோவுக்கு இறங்கினோம். பரிசோடு ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையச் சில்லறைக் குற்றியும் தந்திருந்தார்கள். கோதாரி, என்ன சத்தம்! யன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை. எங்கே பார்த்தாலும் மெஷின், மணி, வெளிச்சம், பூப் போட்ட சிவப்புக் கம்பளம். பக்கத்து மெஷினில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, குழப்படிப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி மெஷினைத் தடவித் தடவி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தா.

"இதிலேயே நில்லுங்கோ, அசையாதேங்கோ. கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்," என்று இவர் போனார்.

நின்றேன். கிழவியின் மெஷின் திடீரென்று அலறத் தொடங்கியது. குற்றி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பார்க்க வந்த சனம் என்னைத் தள்ளியது. ஒதுங்கினேன், இன்னும் ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தால் எந்த ஒழுங்கையால் வந்தேன் என்று தெரியவில்லை. எல்லாம் அதே கம்பளம், அதே மெஷின். நடந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல அங்கே மணிக்கூடும் இல்லையே. ஒரு வழுக்கைத் தலையைக் கண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். யாரோ குஜராத்திக்காரர். மானம் போயிற்று.

சனம், சத்தம், தள்ளு. 95இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கடந்த நாவற்குழிப் பாலம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான் மாமியின் கை என் கையில் இருந்து நழுவியது. மழை. "மாமி! மாமி!" என்று கத்தினேன். பத்து மாமிமார் திரும்பினார்கள். யார் வீட்டு மருமகள் கூப்பிடுகிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் "குணவதி!" என்று பெயரைச் சொல்லிக் கத்தினேன். மாமியாரைப் பெயர் சொல்லி! அப்போதுதான், "இஞ்ச நிக்கிறன் பிள்ளை," என்று ஒரு கை எழும்பியது.

அது ஞாபகம் இருந்தும், நேற்று வாயில் வந்தது பழகின சொல்தான். அடித்தொண்டையால் கத்தினேன்.

"இஞ்சாருங்கோ!"

நாலு பேர் திரும்பினார்கள். சத்தியமாக நாலு பேர்! ஸ்காபரோவில் இருந்து பஸ் பிடித்து வந்த எங்கட ஆட்கள். ஒருவர், "என்ன பிள்ளை?" என்றார். இன்னொருவர் பயத்தில் குற்றி வாளியையே கீழே போட்டுவிட்டார். தன்னுடைய மனிசிதான் தேடி வந்துவிட்டா என்று நினைத்திருப்பார் பாவம். நாலு பேரில் என்னுடையவர் இல்லை.

பிறகு யோசிக்கவில்லை. யோசித்தால் வந்திருக்காது.

"சண்முகநாதன்!"

வாழ்க்கையில் முதல் தடவை. நாக்கு அவியவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். "சண்முகநாதன்! சண்முகநாதன்!"

அங்கால் எங்கேயோ இருந்து ஒருவர் ஓடி வந்தார். இரண்டு கையிலும் கோப்பி, பாதி சேர்ட்டில். பின்னால் காவல்காரன். என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார். நான் பேச்சு விழும் என்று நினைத்தேன். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது.

"இன்னொருக்கால் சொல்லும்," என்றார்.

சொல்லும் என்றார்! சொல்லுங்கோ இல்லை.

வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டிருந்த மரவாங்கில் இருந்தோம். மிச்சக் கோப்பியைப் பங்கு போட்டோம். சேர்ட்டில் சிந்தின கோப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அம்மாதான் அப்பிடி முழுப்பேரும் சொல்லிக் கூப்பிடுவா. இந்த நாட்டில ஒருத்தரும் கூப்பிடேல்லை. அம்மாதான் கூப்பிடுறா எண்டு நினைச்சுத்தான் ஓடி வந்தனான். விசர் எனக்கு."

பிறகு கேட்டார். ஒன்பது மாதமாக நான் காத்திருந்த கேள்வியை, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அம்மா கடைசியில என்னைத் தேடினவவோ?"

"தேடினவ. ஆனால் கோவமில்லை. 'அவன் அங்க வயிறாறச் சாப்பிட்டால் எனக்குக் காணும்' எண்டவ."

எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், மழை, கிளிநொச்சிப் பள்ளிக்கூடம், காய்ச்சல், கடைசியாகக் குடித்த கஞ்சி. அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களைக் கண்டுவிட்டு நாங்கள் சூதில் தோற்றுவிட்டோம் என்று நினைத்திருக்கும். அந்த மனுசன் என் தோளில் தட்டி ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?" என்றேன்.

"எந்த முகத்தோட கேக்கிறது? நான் செய்ய வேண்டியதை எல்லாம் நீர் செய்து போட்டு வந்து நிக்கிறீர். உம்மைக் கண்டால் எழும்பி நிக்கத்தான் வருது. எப்பிடிப் பக்கத்தில வாறது?"

ஐயோ, என்ன மனுசன் இது! மரியாதையாம்! மரியாதை தந்து தந்து என்னை மொன்றியலுக்கே அனுப்பப் பார்த்தாரே.

"அப்ப அந்த ரெண்டு கட்டில்?"

"ஆறு பெடியளோட பேஸ்மென்றில இருந்தனான், ஆளுக்கொரு மெத்தை. அந்தப் பிள்ளை எத்தினை கட்டில் எண்டு கேக்க, பழக்கத்தில வாய் ரெண்டு எண்டு சொல்லிப்போட்டுது. சொன்ன பிறகு மாத்தச் சொல்ல வெக்கமாப் போச்சு. நீர் வேற, எந்தப் பக்கமும் ஒண்டு எண்டீர்."

சிரிப்பு வந்தது. அழுத முகத்தோடு அப்படிச் சிரித்தேன்.

பின்னேரம் புதுச் சேலையை உடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். இன்று காலை அறை துப்பரவாக்க வந்த பிள்ளைக்கு ஒரு கட்டிலின் வேலை மிச்சம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மொன்றியல் பஸ் காலை ஒன்பதரைக்குப் போயிருக்கும். நான் அந்த நேரம் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ரிக்கற்றை அவருக்குக் காட்டினேன். முகம் வெளிறிப் போய்விட்டது. பிறகு பகல் வேலைக்கு மாற்றித் தரச்சொல்லிச் சுப்பர்வைசருக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

நான் கனடாவுக்கு வந்து இன்றோடு ஒரு வருஷம். அக்கா மொன்றியலில் இருந்து வந்து நிற்கிறா. என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் இன்னும் கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன்.

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. அடுப்படியில் இருந்து, "இஞ்சாருங்கோ, சாப்பிட வாருங்கோ!" என்றேன். ஆள் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். அசைவில்லை.

அக்கா என் காதுக்குள், "பாத்தியே, இதைத்தான் சொன்னனான். மதிக்கிறாரே உன்னை?" என்றா.

"பொறுங்கோ அக்கா," என்றேன். அகப்பையைக் கீழே வைத்தேன்.

"சண்முகநாதன்!"

"ஓம், வாறன்!" பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக எழும்பி வந்தார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. கறி ஆறிக்கொண்டிருந்தது.