கம்பளி விரித்த லொறி

அக்கரப்பத்தனை
02.06.2025

அன்பின் அஸீலா,

இங்கே மழை பிடித்துப் பத்து நாளாகிறது. துணியும் காயவில்லை, ஒட்டிய பசையும் காயவில்லை. அதனால்தான் கண்காட்சிக்கு நீ கேட்ட மொடல் லொறி இவ்வளவு தாமதம். நீயும் உன் வீட்டுக்காரரும் கொழும்பு வெயிலில் நன்றாகவே இருப்பீர்கள்.

உங்கள் கடைக்குத் திரும்பி வந்த ஐந்து மொடல் கார்ப் பெட்டிகளையும் அனுப்பியபோது, "ஒன்றிலும் முழுக் கார் தேறாது" என்று எழுதியிருந்தாய். முழுக் கார் யாருக்கு வேண்டும்? பிக்கப்பின் முன்பாகத்தை எடுத்தேன். இரண்டு வண்டிகளின் அடிச்சட்டத்தை அறுத்து, நடுவில் ஒட்டி நீளமாக்கினேன். பொனட் ஒரு பழைய இங்கிலீஷ் காருடையது. தீயணைப்பு வண்டியின் ஏணி, பின்பக்கக் கிராதியாகிவிட்டது. அளவு ஒத்துவராத இடத்திலெல்லாம் புட்டிப் பசை வைத்துத் தேய்த்தேன். எங்கள் தேயிலைக் கொழுந்து லொறிக்கு எந்தக் கம்பனியும் பெட்டி போடவில்லையே, வேறென்ன செய்ய?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் நீ பிழையில்லாமல் சொல்ல வேண்டும். 2013 ஜூலை 11. அக்கா கிருஷாந்திக்குப் பகலிலேயே வலி எடுத்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து ஆம்புலன்ஸ், மனேஜர் துரையின் விருந்தாளிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போயிருந்தது. அப்பா தான் ஓட்டும் கொழுந்து லொறியில் கம்பளியை விரித்து அக்காவைப் படுக்க வைத்தார். பிள்ளை பாதி வழியில் பிறந்தது. அக்கா ஆஸ்பத்திரி வாசல்வரை உயிரோடு இருந்தாள். அடுத்த வாரம், அனுமதியில்லாமல் லொறியை எடுத்ததற்காக அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொழுந்து வாடிப்போனதையும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

கறுப்புக் காலுறைத் துண்டில் கம்பளி செய்திருக்கிறேன். இடது பக்க லைட்டை வைக்க மறந்ததாக நினைக்காதே. அந்த லொறிக்கு அது இருந்ததில்லை. இந்தக் கதையை எழுதிய அட்டையும் பெட்டிக்குள் இருக்கிறது, அதை லொறிக்கு முன்னால் வை.

உன்
வினோதா


தெஹிவளை
23.06.2025

அன்புள்ள வினோ,

முதலில் சந்தோஷச் செய்தி. உன் லொறிக்கு முதலாம் பரிசு! இருநூறு மொடல்களுக்குள்!

ஆரம்பத்தில் ஒரு நடுவர், "இது எந்தப் பெட்டி?" என்று கேட்டார். ஐந்து பெட்டி என்றேன். "அப்படியென்றால் இது எந்த வண்டியும் இல்லையே" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் கண்காட்சிக்கு ஆதரவு தரும் தேயிலைக் கம்பனி அம்மா ஒருவர் வந்து பார்த்தார். "எவ்வளவு அழகான தேயிலை லொறி, ஆனால் அந்தக் கறுப்புத் துணி மனசைக் கஷ்டப்படுத்துகிறது" என்றார்.

கோபப்படாதே. கம்பளியை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னக் கொழுந்துச் சாக்குகளை வைத்தேன். புதுப் பெட்டியொன்றிலிருந்து மினுங்குகிற லைட்டும் பம்பரும் எடுத்துப் பொருத்தினேன். அட்டையில் "மலைநாட்டுத் தேயிலை லொறி" என்று மட்டும் போட்டார்கள். நடுவே வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். உன் பெயர் கீழே இருக்கிறது. எல்லாரும் படம் எடுக்கிறார்கள், வினோ.

அன்புடன்
அஸீலா


அக்கரப்பத்தனை
27.06.2025

அஸீலா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஆகவே எழுதுகிறேன்.

எந்த உரிமையில் கை வைத்தாய்? கம்பளி மனசைக் கஷ்டப்படுத்துகிறதாம். கஷ்டப்படட்டும்! எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் கஷ்டப்படுகிறோம், அந்த அம்மாவால் இரண்டு நிமிடம் முடியவில்லையா? அக்கா படுத்திருந்த இடத்தில் கொழுந்துச் சாக்கை வைத்திருக்கிறாய். அவளைவிடக் கொழுந்துதான் பெரிது என்று அன்றைக்குத் துரை அந்தக் கடிதத்தில் காட்டினார். இன்றைக்கு நீ செய்து காட்டியிருக்கிறாய்.

மினுங்குகிற லைட் போட்டாயாம். அப்பா ஒற்றை லைட்டை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் வெள்ளை வெளேரென்று பனி மூடிய பாதையில் ஓட்டினார். உனக்கு அது அலங்காரக் குறையா?

ஐந்து வண்டிகளை வெட்டி ஒட்டியவளுக்கு ஆறாவதின் துண்டு ஏன் இவ்வளவு கொதிக்கிறது என்று நீ கேட்பாய். நான் ஒவ்வொரு துண்டையும் எடுத்தது அந்த லொறி எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர. நீ எடுத்தது அதை இல்லாமல் ஆக்க.

பரிசை நீயே வைத்துக்கொள். லொறியைத் திருப்பி அனுப்பு. கடிதம் வேண்டாம்.

வினோதா


தெஹிவளை
01.07.2025

வினோ,

வேண்டாமென்றாலும் எழுதுகிறேன். ஹட்டனில் வாப்பாவின் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, விரலெல்லாம் பசையாகச் சேர்ந்து கார் ஒட்டியவர்கள் நாம். "கடிதம் வேண்டாம்" என்று ஒரு வரியில் முடிக்க நான் யாரோ இல்லை.

நான் செய்தது பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஒதுக்கி வைத்த மேசையில் அது மூலையில் கிடந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. கொழும்பில் முன்பின் தெரியாதவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்கிறாய். உன் வீட்டில் இருக்கும் அக்காவின் பிள்ளைக்குத் தெரியுமா? போன ஏப்ரலில் வந்தபோது தர்ஷிகா என்னிடம், "நான் நுவரெலியா பெரியாஸ்பத்திரியில பொறந்தேன் அன்ட்டி" என்றாள். நீ பக்கத்தில் நின்றுகொண்டு தேத்தண்ணீர் ஊற்றினாய். கம்பளியை மறைத்தவள் நான் மட்டுமா?

இதை எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

அஸீலா


தெஹிவளை
07.07.2025

வினோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நியாயம்தான். நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேற்று கண்காட்சியின் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். நான் போய்க் கண்ணாடி மூடியைத் தூக்கி, சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். லைட்டைப் பிடுங்கும்போது பொனட் ஒட்டில் விரிசல் விட்டது. மன்னித்துக்கொள். கம்பளியை விரித்து உன் அட்டையை வைத்தேன். ஏற்பாட்டாளர் ஓடி வந்து, "மிஸிஸ், என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். "இதைச் செய்தவள் எழுதியதை வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சத்தமாக வாசித்தேன். தமிழில் வாசித்துவிட்டு எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன்.

கம்பனி அம்மா எழுந்து போய்விட்டார். பரிசுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு லொறியை வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். வாசலில் ஒரு சிங்கள அம்மா என் கையைப் பிடித்து, "அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். பெயர் கேட்டார். சொல்லவில்லை, வினோ. பிள்ளைக்கே தெரியாததை ஊருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாப்பாவின் கடையை இப்போது நடத்தும் ரிஃகான் நானாவிடம் பேசினேன். ஹட்டன் கடையின் முன்கண்ணாடிக்குள் லொறியை வைக்கலாம் என்கிறார். பஸ் ஏறுகிற எல்லாரும் பார்ப்பார்கள். நீ விரும்பினால் மட்டும். எப்படியும் ஞாயிறு இருபதாம் திகதி லொறியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருகிறேன். நீ வராவிட்டால் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அஸீலா


அக்கரப்பத்தனை
12.07.2025

அஸீலா,

என் கோபம் தீரவில்லை. உன்மேல் பாதி, என்மேல் மீதி. உன் முந்திய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு பொறுக்கி ஒட்டினேன். ஒட்டுவது பழகிய கைதானே.

நேற்று அக்காவின் நினைவுநாள். தர்ஷிகாவின் பிறந்தநாளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அப்பா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். அவள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"அப்பறம் ஏன் சித்தி தாத்தாவ வேலைய விட்டு நிப்பாட்டுனாங்க?"

"அனுமதி கேக்காம லொறிய எடுத்தாருனு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "கேட்டேன் தாயி."

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாது, அஸீலா.

"பங்களாவுக்கு ஓடிப் போயி கேட்டேன். மொதல்ல ஃபெக்டரில கொழுந்த எறக்கி எடை போட்டுட்டு, அப்பறம் எடுத்துட்டுப் போனு தொரை சொன்னாரு. அவரு சொன்னபடியே செஞ்சேன். எடை போட்டு முடியட்டும்னு அரை மணி நேரம் நின்னேன். அதுக்கு மேல தாங்காம பாதிக் கொழுந்தோட எடுத்துட்டு ஓடியாந்தேன். அந்த அரை மணி நேரம் நிக்காம இருந்திருந்தா..."

அப்பா ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். அனுமதி கேட்காமல் எடுத்தவன் என்ற பழியைச் சுமந்தாரே தவிர, கேட்டுக்கொண்டு நின்றதை யாரிடமும் சொல்லவில்லை. நிறுத்திய கடிதம் வந்தபோது, "செஞ்சதுக்குத் தண்டனை" என்று சொல்லிப் பேசாமல் வாங்கிக்கொண்டார். நாங்கள் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தோம்.

தர்ஷிகா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தாத்தா, நீங்க நின்னது தப்பில்ல. நிக்க வச்சதுதான் தப்பு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த தொரை பேரு என்ன சித்தி?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவர் இப்போதும் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய பதவியில்தான் இருக்கிறார். அதையும் சொன்னேன்.

நான் எழுதிய அட்டையைத் தூக்கிப் போடு. அதில் "அனுமதியில்லாமல்" என்று நானே எழுதியிருக்கிறேன். அவர்கள் சொன்ன பொய்யை என் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். புது அட்டையைத் தர்ஷிகா எழுதிவிட்டாள். முதல் வரியில் அவளுடைய அம்மாவின் பெயர், இரண்டாவதில் அவளுடைய பெயர், மூன்றாவதில் துரையின் பெயர். பென்சிலில் எழுதச் சொன்னேன். கேட்கவில்லை, பேனையால் எழுதியிருக்கிறாள்.

அந்த மூன்றாவது வரியோடு லொறியைக் கண்ணாடிக்குள் வைக்க ரிஃகான் நானாவுக்குத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். இல்லையென்றால் வேறு கடை பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ரயிலடியில் நிற்போம்.

உன்
வினோ