மஞ்சள் வரும் வரைக்கும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அந்த அக்காவிடம்கூட வேண்டாம். படித்ததும் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டுவிடு. போனில் பேசும்போது, கடிதம் கிடைத்தது என்று அப்பாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

நான் நலம். அப்பாவும் நலம். சித்தப்பாவின் தொப்பையும் நலம், இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது. நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொள்கிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? அப்பா தைலம் வாங்கி வைத்திருக்கிறார். மாடி வீட்டு அத்தை நாளைக் காலையில் உன் ஊருக்குக் கிளம்புகிறார். தைலத்தையும் உன் ஸ்வெட்டரையும் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறோம். அந்த ஸ்வெட்டரின் கைக்குள்தான் இதைச் சுருட்டி வைக்கப் போகிறேன். சனிக்கிழமை உன் கையில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு கிடைத்தால் பிரயோசனம் இல்லை.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். உன் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டும் அவருக்கு. சாப்பிட்டாயா, படித்தாயா, சளி போய்விட்டதா என்று கேட்கிறாய். நானும் ம், ம் என்கிறேன். அவ்வளவுதான், நேரம் முடிந்துவிடுகிறது. நீ வைத்த பிறகும் அப்பா கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்பாவின் பைக் கிளப்பைப் பற்றி உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். நீ போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் டயர் கடைக்கும் போகமாட்டார், படுக்கையை விட்டும் எழுந்திருக்கமாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் நாங்கள் சொல்லாமல் இருந்தோம். சித்தப்பாதான் ஒரு நாள் வந்து, "எந்திரிண்ணே, இப்படியே கெடந்தா கட்டிலுக்கு வேர் விட்டுரும். வா, வண்டில ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்று இழுத்துக்கொண்டு போனார். அப்படித் தொடங்கியதுதான். இப்போது பதினான்கு வண்டிகள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லாரும் நம் கடை முன்னால் கூடிவிடுகிறார்கள். அப்பா சவரம் செய்துகொண்டு நிற்கிறார், அம்மா. சிரிக்கிறார்.

புதிதாக யார் வந்தாலும் அப்பாவே போய்க் கை கொடுப்பார். அவர்களது ஹெல்மெட்டுக்குள் தன் போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவார். முதல் ஞாயிறு புதியவரின் வண்டி அப்பாவுக்கு அடுத்ததாகப் போகும். அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் மொத்தக் கூட்டமும் அந்த வேகத்தில்தான் போக வேண்டும், முந்தினால் அன்றோடு சரி. இரண்டாவது ஞாயிறு நடுவில் விடுவார்கள். மூன்றாவது ஞாயிறு திருப்பம் நிற்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் கிளப்பில் ஒருவராகிவிடலாம்.

திருப்பம் நிற்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். சாலை பிரியும் இடத்தில் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் எந்தப் பக்கம் போவது என்று கை காட்டுவார். கடைசி வண்டி வந்ததும் அவரும் அதோடு கிளம்பிவிடலாம். கடைசி வண்டி எப்போதும் சித்தப்பாவுடையது. அதற்கு அடையாளம் ஒரு மஞ்சள் ஜாக்கெட். சித்தப்பாவின் தொப்பைக்கு அது மூடாது என்பதால் பின்னால் உட்காரும் நான் போட்டுக்கொள்வேன். திருப்பம் வந்ததும் மஞ்சள் கையை உயரத் தூக்கிக் காட்டுவேன். கிளப்பில் எனக்கும் ஒரு வேலை இருந்தது, அம்மா. அப்பா புதியவர்களிடம், "வண்டியப் பாக்காத, ஆளப் பாக்காத, மஞ்சளப் பாரு. மஞ்சள் வர்ற வரைக்கும் வானமே இடிஞ்சு விழுந்தாலும் நகரக் கூடாது" என்பார்.

போன மாதம் ஒருவர் வந்தார். பேக்கரியில் ராத்திரி முழுக்க மாவு பிசைந்து, விடியற்காலையில் பேக்கரி வேனில் கடை கடையாக ரொட்டி போடுகிறவர். இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். எல்லாரையும்விடச் சின்ன வண்டி அவருடையது, சைலன்சரைக் கம்பியால் கட்டியிருந்தார். "இதுக்குப் பெட்ரோலா, பாலா?" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு தட்டு நிறைய பன் எடுத்து நீட்டினார், இன்னும் சூடு ஆறவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் பன் மாமா என்பேன். எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம், "ஞாயித்துக்கெழம லீவு பாப்பா. ரூம்ல உக்காந்தா பேச ஒரு ஆள் கெடையாது. அதான் சேர்ந்துட்டேன்" என்றார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இனி நடந்ததை எழுதுகிறேன். திட்டாமல் படி.

போன ஞாயிறு அவருக்கு மூன்றாவது பயணம். அணைக்கட்டுக்குப் போனோம். சித்தப்பாவின் வண்டியில் சங்கிலி அறுந்து கிடந்ததால் கடை வண்டியை எடுத்து வந்திருந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலை பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முன்பு ஒரு முறை என்னை அந்த ஜாக்கெட்டோடு பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் என் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, "டிராபிக் போலீஸ், டிராபிக் போலீஸ், கொஞ்சம் கையக் காட்டுங்க, நாங்க அந்தப் பக்கம் போகணும்" என்றார்கள். வகுப்பே சிரித்தது. இப்போது என் பக்கத்தில் உட்காரவும் யாரும் வருவதில்லை. தூரத்திலேயே அவர்களைப் பார்த்துவிட்டேன். அவசர அவசரமாக ஜாக்கெட்டைக் கழற்றிச் சுருட்டி எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் அமுக்கிக்கொண்டேன். சித்தப்பாவுக்குத் தெரியாது. மழைக்கு நான் ஒட்டி உட்காருகிறேன் என்று நினைத்திருப்பார்.

அவர்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அம்மா.

அதைத் திரும்பப் போட்டுக்கொள்வதற்குள் திருப்பம் வந்துவிட்டது. மூடிக் கிடந்த லாரி எடைமேடைக்கு முன்னால் பன் மாமா சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா ஹாரன் அடித்தார். பன் மாமா மற்றவர்களுக்குக் காட்டியதுபோல எங்களுக்கும் வலப்பக்கம் கை காட்டினார். காட்டிவிட்டு எங்களுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். மஞ்சள் வருகிறதா என்று பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். திரும்பியும் பார்த்தேன், அவர் கிளம்பவில்லை. சித்தப்பாவின் முதுகில் ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். ஜாக்கெட்டைக் கழற்றினால் இனிமேல் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டேன். அவர் எப்படியும் புரிந்துகொண்டு வந்துவிடுவார் என்றும் நினைத்தேன்.

அணைக்கட்டு வருவதற்குள் ஜாக்கெட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டுவிட்டேன். அங்கே எண்ணிப் பார்த்தால் ஒரு வண்டி குறைந்தது. "பன் எங்கடா?" என்று அப்பா கேட்டார். "நான் அவனைத் தாண்டித்தானே வந்தேன், கையெல்லாம் காட்டினான்" என்றார் சித்தப்பா. போன் போட்டார்கள், அடித்துக்கொண்டே இருந்தது. மழைக்குப் பயந்து அவர் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். "வண்டி மாதிரியே ஆளும் நனஞ்சு நமுத்துப் போயிருப்பான், வீட்டுக்கு விட்டிருப்பான்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பும்போது தண்ணீர் ஏறிவிட்டதென்று வேறு வழியாக வந்துவிட்டோம்.

அவர் அங்கேயே நான்கு மணி நேரம் நின்றிருக்கிறார். காய்கறி வேன் ஒன்று மழையில் சறுக்கி வந்து அவரையும் வண்டியையும் சேர்த்து இடித்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. வலது மணிக்கட்டும் போய்விட்டது. மாவு பிசைகிற கை.

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலிகூட இல்லை. அப்பாவைப் பார்த்ததும், "அண்ணே, மஞ்சள் வரவே இல்லண்ணே" என்றார். சித்தப்பாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "உன் மூக்குக்கு முன்னாடிதான்யா போனேன். ஹாரன்கூட அடிச்சேன். பாப்பா மஞ்சளோட பின்னாலதான் உக்காந்திருந்தா" என்றார். பன் மாமா என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான்தான் நின்னுக்கிட்டே தூங்கிட்டேன் போல. ராத்திரி வேல பாத்துட்டு நேரா வந்தேன்ல. மன்னிச்சுக்கங்கண்ணே, உங்களுக்கெல்லாம் அலைச்சல்" என்றார். மன்னிப்புக் கேட்டார், அம்மா. எங்களிடம். கால் சரியானதும் மூன்றாவது பயணத்தை இன்னொரு முறை தரமுடியுமா என்றும் கேட்டார்.

அதோடு போகவில்லை. சாலையில் நின்றுகொண்டே தூங்குகிறவனை நம்பி விடியற்காலையில் எப்படி வேனைக் கொடுப்பது என்று பேக்கரி முதலாளி கேட்கிறாராம். நடந்ததைக் கிளப்பிலிருந்து எழுதிக் கொடுங்கள், அதைப் பார்த்து அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிறு காலை எல்லாரும் கையெழுத்துப் போடப் போகிறார்கள். சித்தப்பா சொல்லச் சொல்ல அப்பா ஒரு தாளில் கிறுக்கினார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்லி, நல்ல தாளில் எழுதித் தரச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அது இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. "கடைசி வண்டி மஞ்சள் ஜாக்கெட்டுடன் அவரைக் கடந்து சென்றது" என்பது மூன்றாவது வரி. இரண்டு வரி எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் "கடைசி வண்டி" வரைக்கும் வந்து நிற்கிறேன். கணக்குப் பாடம் இருக்கிறது, ராத்திரிக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

நான்கு நாளாக வாய் வரைக்கும் வருகிறது. சாப்பிட உட்காரும்போது வருகிறது. அப்பா முகத்தைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறது. யாரையும் வழியில் விட்டுவிட்டு வரமாட்டோம் என்றுதான் அவர் எல்லாரையும் சேர்த்தார். விட்டுவிட்டு வந்தது அவர் மகள் என்று தெரிந்தால் கிளப்பைக் கலைத்துவிடுவார். அவரை எனக்குத் தெரியும். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்போது நீயும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். ஏழு மாதம் அந்த முதுகைப் பார்த்தேன். அதற்குத்தான் பயம், அம்மா. அடிக்குப் பயமில்லை.

ஆனால் பன் மாமா தூங்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். அவர் தன்னையே நம்பாமல் படுத்திருக்கிறார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு. அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல். ஜாக்கெட்டைப் பற்றிப் பாப்பாவிடம் கேட்டீர்களா என்று கேள். யாரும் என்னிடம் கேட்கவே இல்லை, அம்மா. சித்தப்பா சொன்னார், எல்லாரும் நம்பிவிட்டார்கள். யாராவது ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்லிவிடுவேன். நானாகத் தொடங்கத்தான் முடியவில்லை. சொன்ன பிறகு அப்பா படுத்துவிட்டால் நீ தினமும் கூப்பிட்டு அவரிடம் பேச வேண்டும். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

நீ எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். அந்த வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடாதே, ஒரு ஸ்டூலாவது போட்டு உட்கார். தைலத்தை ராத்திரி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "எழுதி முடிச்சிட்டியாம்மா? ஏன் இன்னும் தூங்கல, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்கிறார். குரலில் கோபமில்லை. மறுபடியும் தட்டுகிறார். அம்மா, நான் கதவைத்