முதல் வரிசையில் அழுதவன்

ஷாம்ப்ரோல்
21 ஜனவரி 1979

அன்புள்ள தம்பி ரெஜிஸுக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. வியாழக்கிழமை அம்மாவை அடக்கம் செய்தோம். நீ வருவாய் என்று பங்குச் சாமியாரைக் காக்க வைத்தேன். வந்தது மலர்வளையம்தான், உன் கட்சிப் பெயர் போட்ட நாடாவோடு.

நம் கோயிலின் கதி உனக்குத் தெரியாது. எண்ணூறு வருடக் கட்டடம். கூரை ஓட்டையாகி உள்ளே புறாக்கள் குடியேறிவிட்டன. பீடத்திலிருந்து வாசல்வரை எச்சம். பூசை நடக்கும்போதே அம்மாவின் பெட்டிமேல் சொத்தென்று விழுந்தது. கைக்குட்டையால் துடைத்தேன், நாற்றம் இன்னும் விரலில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பெர்த்தில், "அது உன் தம்பி அனுப்புன வளையத்து மேல விழுந்திருக்கக் கூடாதா?" என்றாள். அவளை அதட்டினேன்.

உனக்குத்தான் மேலிடத்தில் ஆட்கள் இருக்கிறார்களே, கூரைக்காக ஒரு வார்த்தை சொல்லேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஒனோரின்


புவாத்தியே
10 பிப்ரவரி 1979

அருமை அக்காவுக்கு,

கூட்டத்துக்கு மேல் கூட்டம், வர முடியவில்லை. மனம் அங்கேதான் இருந்தது.

நல்ல செய்தி: மார்ச் மாவட்ட மன்றத் தேர்தலில் நம் வட்டாரத்துக்கு நான்தான் வேட்பாளர். 24ஆம் தேதி தொலைக்காட்சிக்காரர்களோடு வருகிறேன். கோயிலில் நான் ஜெபிப்பதைப் படமெடுப்பார்கள். பீடத்துக்கு இடப்பக்கம் மட்டும் கழுவி வைத்தால் போதும், மற்றது படத்தில் விழாது. நீ அம்மாவின் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் நில். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். கூரையைப் பிறகு பார்க்கலாம்.

ஆயிரம் முத்தங்களுடன்
ரெஜிஸ்


ஷாம்ப்ரோல்
26 பிப்ரவரி 1979

ரெஜிஸ்,

நான் கழுவவில்லை. நீ கூட்டிவந்த ஆட்கள் அந்த மூலையை மட்டும் கழுவினார்கள். அள்ளிய எச்சத்தை எங்கே கொட்டினார்கள்? ஞானஸ்நானத் தொட்டியில். உன் தலையிலும் என் தலையிலும் தண்ணீர் ஊற்றிய தொட்டி அது. "மூடி போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று நீ சொன்னதை என் காதால் கேட்டேன்.

அப்புறம் முதல் வரிசையில் மண்டியிட்டு, "எங்க அம்மா தெனமும் இந்த எடத்துலதான் ஜெபம் பண்ணுவாங்க" என்று அழுதாய். படம்பிடிப்பவன், "இன்னொரு தடவை சார், மூஞ்சில வெளிச்சம் பத்தல" என்றான். மறுபடியும் அழுதாய். அதே சொல்லில் தொண்டை அடைத்தது, அதே இடத்தில் மூக்கை உறிஞ்சினாய்.

அம்மா ஒருநாளும் முதல் வரிசையில் உட்கார்ந்ததில்லை. கடைசித் தூணில் வாயைப் பிளந்திருக்கும் கல் பிசாசுக்குக் கீழேதான் அவள் இடம். "இவன் வாயையே பாத்துக்கிட்டிருந்தா பொய் சொல்லத் தோணாது" என்பாள்.

எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, வடக்கு வாசலில் வாந்தியெடுத்தேன். பெர்த்தில்தான் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் இருவருமாகத் தொட்டியைச் சுரண்டிக் கழுவினோம். சால்வையை அம்மாவோடேயே புதைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை, நீயும் கேட்கவில்லை.

ஒனோரின்


புவாத்தியே
27 மார்ச் 1979

அக்கா,

ஜெயித்துவிட்டேன்! அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர்கள் இல்லையாம். உன் கோபம் எனக்குத் தெரியும், இரண்டு நாளில் ஆறிவிடும்.

அம்மாவின் கல்லறைக் கல்லில் 'பாசமுள்ள பிள்ளைகள்' என்று போட்டு, என் பெயரை முதலில் பொறிக்கச் சொல். பத்திரிகைக்காரர்களோடு வருகிறேன்.

ரெஜிஸ்


ஷாம்ப்ரோல்
8 ஏப்ரல் 1979

மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு,

கல் நட்டாயிற்று. பக்கத்து ஊர்க் கல்தச்சர், "அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க" என்றேன்.

இப்படிக்கு
ஒனோரின்,
ஷாம்ப்ரோல் வாக்காளர்